மகனுக்காகச் செய்த சக்கரம்

காலையில் பால்காரர் சைக்கிளில் வருகிறார். பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வருகிறான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். தெருமுனைக் கடையில் யாரோ ஒருவர் பம்பை அழுத்தி டயருக்குக் காற்றடிக்கிறார்.

தினமும் பார்க்கும் காட்சிதான். அதனால் அதில் உள்ள அதிசயம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சைக்கிளையும் அதன் மேல் உட்கார்ந்து இருப்பவரையும் தாங்குவது எது? இரும்பு அல்ல, மரமும் அல்ல. வெறும் காற்று! ரப்பர் குழாய்க்குள் அடைபட்ட காற்றுதான் அத்தனை பாரத்தையும் சுமக்கிறது.

காற்றடைத்த டயர் வந்திராவிட்டால் இன்றைய மோட்டார் கார் இல்லை, பஸ் இல்லை, லாரி இல்லை. ஆகாய விமானம் கூடப் பத்திரமாகத் தரையில் இறங்க முடியாது.

இந்த டயரை உலகத்துக்குக் கொடுத்தவர் என்ஜினீயர் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. அவர் ஒரு மிருக வைத்தியர். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். டயரை அவர் செய்தது உலகத்துக்காகவும் அல்ல, தன்னுடைய 9 வயது மகனுக்காக.

அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

குறை மாதக் குழந்தை

இங்கிலாந்துக்கு வடக்கே உள்ளது ஸ்காட்லாந்து. அங்கே டிரெக்கார்ன் என்ற சிற்றூரில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி டன்லப் பிறந்தார். விவசாயக் குடும்பம்.

அவர் குறை மாதத்தில் பிறந்த குழந்தை. உடம்பு மெலிந்தது. கடினமான வேலை உடம்புக்கு ஆகாது என்று பெற்றோர் நினைத்தார்கள். வயல் வேலையில் அவரை வாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தாம் பலவீனமானவர் என்ற எண்ணம் டன்லப்பின் மனத்திலும் ஆழமாகப் பதிந்து விட்டது. கடைசி வரை உடம்பைப் பொத்திப் பொத்தித்தான் பாதுகாத்தார். (அப்படி வாழ்ந்தவர் 81 வயது வரை இருந்தார் என்பது வேறு விஷயம்!)

பண்ணையில் வளர்ந்ததால் கால்நடைகளிடம் அவருக்குப் பிரியம் உண்டு. எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் படித்தார். 19 வயதிலேயே தேறி வைத்தியர் ஆனார்.

சில ஆண்டுகள் எடின்பரோவில் தொழில் செய்தார். 1867-ம் ஆண்டு கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பாட்ரிக் என்ற ஊரில் தம்முடைய சகோதரருடன் சேர்ந்து வைத்தியசாலை நடத்தினார். பிறகு பெல்பாஸ்ட் நகரில் குடியேறினார்.

1871-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் மார்கரெட். ஒரு மகள், ஒரு மகன் பிறந்தார்கள். மகனுக்குத் தகப்பனார் பெயரே வைத்தார்கள். வீட்டில் அவனை ஜானி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

பெல்பாஸ்டில் டன்லப்புக்குத் தொழில் பெருகியது. அந்தக் காலத்தில் வண்டி இழுப்பதும் பாரம் சுமப்பதும் குதிரைதான். குதிரை படுத்தால் வியாபாரம் படுத்து விடும். ஆகவே மிருக வைத்தியருக்கு எப்போதும் வேலை இருந்தது. மே தெருவில் இருந்த அவருடைய வைத்தியசாலை, அயர்லாந்திலேயே பெரிய மிருக வைத்தியசாலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

அவர் அமைதியானவர். நீண்ட தாடி. அதிர்ந்து பேசாத சுபாவம். நிம்மதியாகத் தொழில் செய்து, நிம்மதியாக ஓய்வு பெற்று இருக்க வேண்டியவர்தான். ஆனால் மகனுடைய சைக்கிள் அவருடைய வாழ்க்கையைத் திருப்பி விட்டது.

எலும்பு குலுக்கி

அந்தக் காலத்துச் சைக்கிள் எப்படி இருந்தது தெரியுமா?

ஆரம்பத்தில் வந்த சைக்கிளின் சக்கரங்கள் மரத்தால் ஆனவை. மாட்டு வண்டிச் சக்கரத்தைப் போல, சுற்றிலும் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் தலை முதல் கால் வரை ஆடும். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர், எலும்பு குலுக்கி!

பிறகு, முன் சக்கரம் மட்டும் மிகப் பெரிதாக உள்ள சைக்கிள் வந்தது. முன் சக்கரம் ஓர் ஆள் மார்பு உயரம். பின் சக்கரம் சிறியது. பெரிய சக்கரம் சின்னப் பள்ளங்களில் இறங்காமல் தாண்டி விடும்; அதனால் குலுக்கல் கொஞ்சம் குறைவு. ஆனால் வழியில் ஒரு கல் தட்டினால் போதும், ஓட்டுகிறவர் தலை குப்புற விழுவார். பெண்களும் முதியவர்களும் அதன் பக்கமே போக முடியாது.

1885-ம் ஆண்டு, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் புதிய சைக்கிள் ஒன்றைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் பெடல். பெடலில் இருந்து பின் சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் பாட்டனார் அதுதான்.

அதில் விழும் பயம் இல்லை. ஆனால் வேறு ஒரு தொல்லை இருந்தது. சக்கரம் சிறியதாகி விட்டதால் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. சக்கரத்தைச் சுற்றி இருந்ததோ கெட்டி ரப்பர். காற்று கிடையாது. மறுபடியும் குலுக்கல்!

நல்ல சைக்கிள் பிறந்து விட்டது. நல்ல சக்கரம் இன்னும் பிறக்கவில்லை.

மகன் சொன்ன குறை

1887-ம் ஆண்டு ஜானியிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அவனுடைய உடம்புக்குச் சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று டாக்டரும் சொல்லி இருந்தார்.

ஆனால் பெல்பாஸ்ட் தெருக்கள் கருங்கல் பாவியவை. நடுவில் டிராம் வண்டித் தண்டவாளம் வேறு. கெட்டி ரப்பர் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தடதட என்று இடித்தது. ஜானி களைத்துப் போனான். மற்றப் பையன்களுக்குச் சமமாக ஓட்ட முடியவில்லை. தன் சைக்கிள் சுகமாகவும் வேகமாகவும் ஓட ஏதாவது செய்ய வேண்டும் என்று தகப்பனாரிடம் முறையிட்டான்.

எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் இப்படிக் குறை சொல்வது உண்டு. பெரியவர்கள் சமாதானம் சொல்லி அனுப்பி விடுவார்கள். டன்லப் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்தார்.

சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறுகிறது. அப்போது சைக்கிளும், அதில் இருக்கும் ஆளும் சேர்ந்து தூக்கப்படுகிறார்கள். பிறகு தொப்பென்று விழுகிறார்கள். முன்னே போக வேண்டிய பலம் எல்லாம் மேலே தூக்குவதிலும் கீழே போடுவதிலும் வீணாகிறது. கல் வரும் இடத்தில் சக்கரத்தின் விளிம்பு மட்டும் அமுங்கிக் கொடுத்து, கல் போனதும் பழையபடி நிமிர்ந்து விட்டால்? ஆள் தூக்கப்பட மாட்டான். பலமும் வீணாகாது.

அப்படி உடனே அமுங்கி உடனே நிமிரும் பொருள் எது? ரப்பர் போதாது. அதைவிட மென்மையானது வேண்டும். காற்று!

முற்றத்தில் ஒரு சோதனை

வைத்தியசாலை முற்றத்தில் சோதனை தொடங்கியது.

மரத்தால் ஆன வட்டப் பலகை ஒன்றை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டி ஒரு குழாய் செய்தார். அதை வட்டப் பலகையைச் சுற்றி வைத்தார். நகராமல் இருக்க, மேலே லினன் துணியைச் சுற்றி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் குழாய்க்குள் காற்றை ஏற்றிக் கட்டினார்.

அதற்குப் போட்டி, ஜானியின் சைக்கிளில் இருந்து கழற்றிய கெட்டி ரப்பர் சக்கரம்.

முதலில் கெட்டி ரப்பர் சக்கரத்தை முற்றத்தில் உருட்டி விட்டார். அது கொஞ்ச தூரம் ஓடியது, தள்ளாடியது, முற்றத்தின் மறு கோடியை எட்டாமலே விழுந்து விட்டது.

பிறகு காற்றடைத்த சக்கரத்தை உருட்டினார். அது ஓடியது. முற்றம் முழுவதையும் கடந்தது. கோடியில் இருந்த கம்பத்தில் மோதித் துள்ளித் திரும்பியது!

டன்லப்புக்கு விஷயம் விளங்கி விட்டது. அவர் தேடியது மகனுக்குச் சுகமான சக்கரம். கிடைத்ததோ சுகமான சக்கரம் மட்டும் அல்ல. வேகமான சக்கரமும் கூட. குலுங்காத சக்கரமே வேகமான சக்கரம் என்ற உண்மையை அந்த முற்றத்தில் அவர் கண்டார்.

ஜானியின் சைக்கிளுக்குப் புதிய சக்கரங்கள் தயாராயின. பையனுக்கு விடியும் வரை பொறுமை இல்லை. இரவிலேயே, நிலா வெளிச்சத்தில், ஓட்டிப் பார்க்கக் கிளம்பி விட்டான். மறுநாள் காலையில் டன்லப் டயரைத் தடவித் தடவிப் பார்த்தார். கருங்கல் தெருவில் ஓடிய ரப்பரில் ஒரு கீறல் கூட இல்லை.

பிறகு பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளுக்கும் இந்த டயரைப் பொருத்திச் சோதனை செய்தார். 1888-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை என்றால், கண்டு பிடித்தவரைத் தவிர மற்றவர்கள் அந்தப் பொருளைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் தரும் உரிமை.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

பெல்பாஸ்டில் எட்லின் என்பவரின் சைக்கிள் பட்டறை இருந்தது. அங்கே காற்றடைத்த டயர் பொருத்திய சைக்கிள்களைச் செய்தார்கள். அப்படி ஒன்றை வாங்கியவர் வில்லி ஹியூம். பெல்பாஸ்டில் இருந்த ஒரு சைக்கிள் சங்கத்தின் தலைவர்.

1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி. பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழா. சைக்கிள் பந்தயத்துக்கு ஹியூம் தன் புதிய சைக்கிளுடன் வந்தார்.

கூட்டம் அதைப் பார்த்தது. மற்றவர்களுடைய சக்கரத்தில் ஒல்லியான கெட்டி ரப்பர். ஹியூமின் சக்கரத்திலோ தடித்து உப்பிய குழாய்! ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு பருமனான சக்கரம் எப்படி ஓடும் என்று கேலி செய்தார்கள்.

ஒல்லியானதுதான் வேகமாக ஓடும், பருமனானது ஓடாது என்பது கண் சொல்லும் நியாயம். பந்தயம் வேறு நியாயம் சொன்னது.

முதல் பந்தயத்தில் ஹியூம் வென்றார். இரண்டாவதிலும் வென்றார். அன்று கலந்து கொண்ட 4 பந்தயங்களிலும் அவருக்கே வெற்றி! சில நாட்களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் போனார். அங்கும் ஒரே ஒரு பந்தயத்தைத் தவிர எல்லாவற்றிலும் வென்றார்.

சிரிப்பு அடங்கியது. அந்த டயர் எங்கே கிடைக்கும் என்று பந்தய வீரர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கம்பெனி பிறந்தது

இதைக் கவனித்த ஒருவர் ஹார்வி டூ குரோ. டப்ளின் நகரத்து வியாபாரி. குத்துச் சண்டையிலும் வாள் சண்டையிலும் பட்டம் பெற்றவர். அவருடைய பிள்ளைகளும் சைக்கிள் பந்தய வீரர்கள். எந்தப் பொருள் எவ்வளவு விலை போகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்.

டன்லப்புக்குக் கண்டு பிடிக்கத் தெரியும். கடை விரிக்கத் தெரியாது. டூ குரோவுக்குக் கடை விரிக்கத் தெரியும். இருவரும் கூடினார்கள். 1889-ம் ஆண்டு டப்ளினில் கம்பெனி தொடங்கியது. டன்லப் தம்முடைய காப்புரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குச் சில பங்குகள் கிடைத்தன.

வியாபாரம் சூடு பிடித்தது. டன்லப் வைத்தியத் தொழிலை விட்டு 1892-ம் ஆண்டு டப்ளினுக்கே குடி போனார்.

ஆனால் அதற்கு முன்பே பெரிய இடி ஒன்று விழுந்து விட்டது.

கல்லறையில் இருந்து வந்த போட்டி

1890-ம் ஆண்டு கம்பெனிக்கு ஒரு செய்தி வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது! ஏன்? காற்றடைத்த சக்கரத்துக்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஒருவர் காப்புரிமை வாங்கி விட்டார்!

அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1845-ம் ஆண்டு, 23 வயதில், காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை வாங்கினார். குதிரை வண்டிகளில் பொருத்தி லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் ஓட்டியும் காட்டினார். வண்டி ஓசை இல்லாமல் ஓடியது. ஆனால் அந்தக் காலத்தில் நல்ல மெல்லிய ரப்பர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். சைக்கிள் என்ற வாகனமே அப்போது பழக்கத்தில் இல்லை. சக்கரம் வந்து விட்டது. அதற்கு உரிய வண்டி வரவில்லை. ஜனங்கள் அதை மறந்தே போனார்கள். 1873-ம் ஆண்டு தாம்சன் காலமானார்.

தாம்சன் காப்புரிமை வாங்கியபோது டன்லப் 5 வயதுக் குழந்தை. அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். முதலில் பதிவு செய்தவருக்கே முதல் இடம்.

இனி யார் வேண்டுமானாலும் காற்று டயர் செய்யலாம் என்ற நிலை. டூ குரோ தளரவில்லை. டயரின் மற்ற பகுதிகளுக்கு வேறு சிலர் வாங்கி இருந்த காப்புரிமைகளை விலைக்கு வாங்கினார். அவற்றில் முக்கியமானது சார்லஸ் வெல்ச் என்பவருடையது. டயரின் இரண்டு ஓரத்திலும் கம்பி வைத்து, அது ரிம்முக்குள் அடங்கி உட்காரும்படி அவர் செய்து இருந்தார். இன்று பஞ்சர் கடையில் டயரைப் புரட்டி எடுக்கிறார்களே, அந்த ஓரக் கம்பி அப்போது வந்ததுதான்.

டன்லப் செய்த டயரில் அந்த வசதி இல்லை. அதைத் துணி சுற்றி ரிம்மோடு ஒட்டி இருந்தார்கள். ஒரு பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டி முடிக்க மணிக் கணக்கில் ஆகும்.

பிரான்சு நாட்டில் மிஷெலின் சகோதரர்கள் விரைவில் கழற்றி மாட்டக் கூடிய டயரைச் செய்தார்கள். 1891-ம் ஆண்டு பாரீஸ் நகரில் இருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் பெரிய சைக்கிள் பந்தயம் நடந்தது. சுமார் 1,200 கிலோ மீட்டர். சார்ல்ஸ் டெரோன் என்பவர் மிஷெலின் டயரில் முதலாவதாக வந்தார். டன்லப் டயரில் ஓட்டியவர் இரண்டாவது. முதல் இரண்டு இடமும் காற்று டயருக்கே! கெட்டி ரப்பரின் காலம் முடிந்தது.

பணம் யாருக்கு?

காற்று டயர் வந்ததும் சைக்கிள் மோகம் உலகமெங்கும் பரவியது. பெண்களும் சைக்கிள் ஓட்டினார்கள். தொழிலாளிகள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். டயர் கம்பெனிக்குப் பணம் கொட்டியது.

டன்லப்புக்கு? அவருக்கும் கம்பெனியை நடத்தியவர்களுக்கும் ஒத்துப் போகவில்லை. 1895-ம் ஆண்டு அவர் விலகினார். பங்குகளையும் விற்று விட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது?

1896-ம் ஆண்டு ஹூலி என்ற பணக்காரர் அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கினார். உடனே அதைப் பொது ஜனங்களிடம் 50 லட்சம் பவுனுக்குப் பங்கு போட்டு விற்றார்! டயரைக் கண்டு பிடித்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒரே ஓர் ஆண்டு பொறுத்து இருந்தால் அவர் பெரும் செல்வர் ஆகி இருப்பார்.

டன்லப் வறுமையில் வாடவில்லை. டப்ளினில் ஒரு ஜவுளி வியாபாரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. கௌரவமாகவே வாழ்ந்தார். ஆனால் கம்பெனி வேறு, அவர் வேறு. கம்பெனிக்குப் பெயர் மட்டும் அவருடையது.

ரப்பரின் கண்ணீர்

இந்த வரலாற்றில் சோகமான பக்கம் ஒன்றும் உண்டு.

டயருக்கு ரப்பர் வேண்டும். சைக்கிள் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகியது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு அப்போது பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்தது. காட்டு ரப்பரைக் கொண்டு வரும்படி அங்கிருந்த ஏழை மக்களை வதைத்தார்கள். குறித்த அளவு கொண்டு வராத ஊர்களைச் சூறையாடினார்கள், கைகளைக்கூட வெட்டினார்கள். இந்தக் கொடுமை உலகத்துக்குத் தெரிந்து பெரும் கண்டனம் எழுந்தது. 1908-ம் ஆண்டு மன்னரிடம் இருந்து காங்கோ பறிக்கப்பட்டது.

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876-ம் ஆண்டு லண்டனுக்கு வந்து, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் காட்டை வெட்டி ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே வேலைக்குப் போனவர்களில் மிகப் பலர் தமிழர்கள். விடியற்காலையில் எழுந்து, மரம் மரமாகச் சீவி, பால் எடுத்தவர்கள் நம் மக்கள். டன்லப் பெயர் கொண்ட கம்பெனிக்கும் மலேயாவில் பெரிய தோட்டங்கள் இருந்தன.

பெல்பாஸ்டில் ஒரு குழந்தையின் சுகத்துக்காகப் பிறந்த சக்கரம், எங்கோ இருந்த ஏழைகளின் வியர்வையில் உருண்டது. டன்லப் இதை எண்ணிச் செய்தவர் அல்ல. ஆனால் டயரின் கதையைச் சொல்லும்போது அந்தத் தொழிலாளிகளை மறந்து விடக் கூடாது.

படத்துக்காக வழக்கு

முதுமையில் டன்லப்புக்கு வேறொரு மனத்தாங்கல் வந்தது.

கம்பெனி தன் விளம்பரங்களில் அவர் உருவத்தைப் பயன்படுத்தியது. தாடி வைத்த அவருடைய முகம். ஆனால் அதற்குக் கீழே பகட்டான உடை, உயரமான தொப்பி, கையில் பிரம்பு என்று ஒரு மைனரைப் போல வரைந்து விட்டார்கள்!

வாழ்நாள் எல்லாம் அடக்கமாக வாழ்ந்தவர் அவர். லட்சக் கணக்கான பணம் கை நழுவியதை உலகம் அறியப் பெரிதாக்காதவர், இதைப் பொறுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்றது.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் டன்லப் காலமானார். டயர் பிறந்த கதையை அவர் எழுதி வைத்து இருந்தார். அது அவருடைய மறைவுக்குப் பிறகு, 1924-ம் ஆண்டு புத்தகமாக வந்தது.

இன்றைய சக்கரம்

சைக்கிள் பந்தயங்களில் இன்று கார்பன் சக்கரங்கள் ஓடுகின்றன. கார்பன் என்பது கரி நார். அதைப் பிசினில் தோய்த்து அச்சில் வைத்துச் சூடாக்கி ரிம் செய்கிறார்கள். இரும்பைவிட மிக லேசு, உறுதியும் அதிகம். ரிம்மின் ஆழம் 40, 50, 60 மில்லி மீட்டர் என்று இருக்கும். ஆழமான ரிம் காற்றைக் கிழித்துக் கொண்டு போகும். சமதரையில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அதனால் லாபம் உண்டு.

முதலில் இவற்றின் விலை மிக அதிகமாக இருந்தது. இப்போது சீனாவிலும் தைவானிலும் செய்த, ஓரளவு மலிவான சக்கரங்களும் கிடைக்கின்றன. அதனால் சைக்கிள் பந்தய ஆசை உள்ள பிள்ளைகள் ஆழமான ரிம்மைப் பார்த்ததும் மயங்கி விடுகிறார்கள். வேகமாகத் தோன்றுவது எல்லாம் வேகம் அல்ல என்பதை ஹியூமின் பந்தயத்தில் பார்த்தோம். இங்கும் அதுதான்.

ரிம் ஆழமாக ஆகப் பக்கக் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். உடல் லேசானவர்களுக்கு ஹேண்டில் தடுமாறும். அவர்களுக்கு நடுத்தர ஆழமே நல்லது. மலைச் சரிவில் நெடுநேரம் பிரேக் பிடித்தால், ரிம்மைக் கவ்வும் பிரேக் உள்ள மலிவான கார்பன் ரிம் சூடேறிக் கெட்டுப் போகலாம்; டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு அந்தப் பயம் இல்லை. போக்ஸ் கம்பி அறுந்தாலும், பேரிங் தேய்ந்தாலும் நம் ஊரிலேயே மாற்றுப் பொருள் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மலிவு மலிவு அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம்முக்கு ஏற்ற நல்ல டயர் வேண்டும். 2000-ம் ஆண்டு வாக்கில் பந்தய வீரர்கள் 23 மில்லி மீட்டர் அகலமுள்ள ஒல்லி டயரில், கல் போல் காற்றடித்து ஓட்டினார்கள். அதுதான் வேகம் என்று நம்பினார்கள். இப்போது 28 மில்லி மீட்டர் டயர் சாதாரணமாகி விட்டது. காற்றையும் குறைத்தே அடிக்கிறார்கள். ஏன்? கரடு முரடான ரோட்டில், குலுங்காத சக்கரமே வேகமாகப் போகிறது என்று அளந்து பார்த்துக் கண்டு கொண்டார்கள்.

1887-ம் ஆண்டு பெல்பாஸ்ட் முற்றத்தில் ஒரு மிருக வைத்தியர் கண்ட அதே உண்மை!

அழியாத பெயர்

டன்லப் செய்த முதல் டயர் எடின்பரோ நகரத்துக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வடக்கு அயர்லாந்தில் ஒரு பாங்கி வெளியிட்ட 10 பவுன் நோட்டில் அவருடைய படத்தை அச்சிட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் அவர் பெயர் வீட்டுக்கு வீடு பழகியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஒரு காலத்தில் டன்லப் பெயரில் டயர் தொழிற்சாலை இயங்கியது. மெத்தை என்றாலே டன்லப் மெத்தை என்று சொன்ன காலமும் உண்டு. கிராமங்களில் கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது. மாட்டின் கழுத்துக்குப் பாரம் குறைந்தது. மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த டன்லப் இதைக் கண்டு இருந்தால், கம்பெனியின் லாபக் கணக்கைவிட இதற்குத்தான் அதிகம் மகிழ்ந்து இருப்பார்.

காப்புரிமை நிலைக்கவில்லை. பெரும் பணம் சேரவில்லை. தன் முகத்துக்குக்கூட வழக்காட வேண்டி இருந்தது. ஆனால் ஒரு குழந்தை தன் குறையைச் சொன்னபோது அவர் காது கொடுத்துக் கேட்டார். அதன் பலனை, சைக்கிள் ஏறும் ஒவ்வொருவரும் இன்று அனுபவிக்கிறார்கள்.